குருவுக்கு முன் வந்த குருசு: மணப்பாடு நாட்குறிப்பு

முதல் நாள்

தூத்துக்குடியில் காலை ஏழு மணிக்கு ஏறிய பேருந்து உப்பளங்களைக் கடந்து திருச்செந்தூர்ச் சாலையில் விரைந்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊரான மணப்பாட்டுக்கு இதற்கு முன் இரண்டு முறை வந்திருக்கிறேன். இரண்டு முறையும் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாளை ஒட்டி, கூட்டத்தோடு கூட்டமாகக் குன்றேறி, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, ஊரைச் சரியாகப் பார்க்காமலேயே திரும்பினேன். இம்முறை திருவிழா எதுவும் இல்லாத மாசி மாதத்தைத் தேர்ந்துகொண்டேன். இவ்வூர்க் கிறிஸ்தவச் சமூகமான இந்தப் பங்கு எப்படித் தொடங்கியது என்பதை, ஊர் ஓய்ந்திருக்கும் நேரத்தில் நடந்து பார்க்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

வழியில் பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, சவேரியார் வந்தாரு, எல்லாரும் வேதத்துக்கு வந்தாங்க, அவ்வளவுதானே?" என்றார். தென்கடற்கரையில் பெரும்பாலோர் இப்படித்தான் சொல்வார்கள். கோயில் சுவர்களில் தீட்டிய படங்களும் இதையே சொல்கின்றன. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கதை முன்பின்னாகிவிடும். இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் கோவாவில் வந்து இறங்கியது 1542 மே மாதம். முத்துக்குளித்துறை என்று போர்த்துகீசியர் அழைத்த இந்தக் கரைக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபரில். இக்கரையில் மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்த பரதவர்களோ அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1536, 1537 ஆண்டுகளில், ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். முப்பது ஊர்கள், ஏறத்தாழ 20,000 பேர் என்பது அக்காலக் கணக்கு.

அது எப்படி நடந்தது என்பதில் பக்தியைவிடக் கடல் அரசியலே மிகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. முத்துக் குளிக்கும் உரிமையிலும் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பின் வருவாயிலும் பரதவர்களுக்கும், கடல் வாணிகத்தில் ஓங்கியிருந்த முஸ்லிம்களுக்கும் பகை முற்றியிருந்த காலம் அது. ஒரு கைகலப்பில் பரதவர் ஒருவரின் காது அறுந்தது என்றும், கடுக்கனோடு போன அந்தக் காதுதான் பெருங்கலவரத்துக்கு வித்திட்டது என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். அப்போது மலையாளக் கரையிலிருந்து குதிரை வாணிகத்துக்காக இப்பக்கம் வந்த ஜுவான் த குரூஸ் என்பவர், தாமே போர்த்துகல் வரை சென்று கிறிஸ்தவராகி வந்தவர், கொச்சியிலுள்ள போர்த்துகீசியரின் உதவியைக் கேட்கும்படி பரதவரின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிமாருக்கு யோசனை சொன்னார். பட்டங்கட்டிமார் கொச்சிக்குப் போனார்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். பின்னர் மறைமாவட்ட முதன்மைக் குருவான மிகுவேல் வாஸும் உடன் சில குருக்களும் கப்பற்படையின் துணையோடு வந்து துறை துறையாக மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பினார்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பெயர் மட்டும் மாறிய ஒரு மக்களை, அவர்களுடைய மொழி தெரிந்த குரு ஒருவரும் இல்லாமல், செபம் ஒன்றும் கற்பிக்காமல், அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் அந்தக் கரையில் கிறிஸ்தவம் என்பது எதுவாக இருந்திருக்கும்? இந்தக் கேள்வியோடுதான் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன்.

காயல்பட்டினத்தைக் கடந்தபோது பள்ளிவாசல் மினாராக்கள் தென்னை மட்டைகளுக்கு மேலே தெரிந்தன. ஒரு காலத்துப் பகையின் இரு தரப்பாருடைய ஊர்களும் இன்று ஒரே பேருந்துத் தடத்தில் அடுத்தடுத்த நிறுத்தங்கள். திருச்செந்தூரில் இறங்கித் தேநீர் குடித்து, பனங்கிழங்கு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, மணப்பாட்டு வண்டியில் ஏறினேன். இடப்பக்கம் கடலோரமாக ஒதுங்கியிருக்கும் ஆலந்தலை, பிறகு குலசேகரன்பட்டினம். பனையும் செம்மணல் தேரியும் மாறி மாறி வந்தன.

பதினொரு மணிக்கு மணப்பாடு. வேம்பாரிலிருந்து தெற்கு நோக்கி எண்ணினால் பரதவர்களின் ஏழு கடற்றுறைகளில் கடைசித் துறை இது. ஊருக்குத் தென்கிழக்கே மணற்குன்று ஒன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க, அதன் உச்சியில் வெள்ளைக் கோயில். தமிழகக் கடற்கரை பெரும்பாலும் தட்டை; கப்பலிலிருந்து பார்ப்பவனுக்கு அடையாளமாக ஒரு மேடு கிடைப்பது அரிது. அந்த மேட்டை மாலுமியின் கண்ணால் பார்க்கத் தெரிந்தவனுக்கு இவ்வூர் வரலாற்றின் முதல் வரி உடனே விளங்கிவிடும். தங்குமிடத்தில் பையை வைத்துவிட்டு, வெயில் தாழும்வரை ஊர்த் தெருக்களில் சுற்றினேன். பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மிராந்தா, கொரெரா, மச்சாடோ என்று வாசற்பலகைகள்; அந்தப் பெயர்களுக்குரியவர்களோ அசல் கடற்கரைத் தமிழில் மீன்விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையாக நின்ற போர்த்துகீசியரின் குடும்பப் பெயரையே பெறுவது அன்றைய வழக்கம் என்பதால், 1530-களின் அந்த அவசரச் சடங்கு இன்னும் பலகைகளில் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாம் நாள்

விடியுமுன் குன்றேறினேன். மணலில் கால் புதையாதபடி இப்போது பாதை இருக்கிறது. மேலே காற்று ஆளைத் தள்ளியது.

இக்குன்றின் தொடக்கக் கதையில் குருவே கிடையாது. 1540-ஆம் ஆண்டில், கீழ்த்திசை நோக்கி வந்த போர்த்துகீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய்கள் கிழிந்து, பாய்மரமும் முறிந்து தத்தளித்தது. பிழைத்துக் கரை சேர்ந்தால், முறிந்த மரத்திலேயே ஒரு குருசு செய்து அக்கரையில் நாட்டுவதாகக் கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டான். காற்று அவனை மணப்பாட்டில் கொண்டுவந்து விட்டது. சொன்னபடி குன்றின்மேல் குருசை நாட்டினான். ஊர் மரபு சொல்வது இவ்வளவே. இக்கதையில் எனக்குப் பிடித்த பகுதி புயல் அல்ல, மரம். கடலோடும் மக்களுக்கு முறிந்த பாய்மரத்தின் பொருளை யாரும் விளக்கவேண்டியதில்லை. பிரசங்கம் கேட்க ஆளில்லாத ஆண்டுகளில், படிக்கத் தெரியாதவரும் கண்ணால் படிக்கும்படி நின்றது அந்த மரம் ஒன்றுதான். பாதிரியார் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே குருசு வந்துவிட்டது. தமிழில் சிலுவை என்ற சொல் இருந்தும் இக்கரையார் போர்த்துகீசியச் சொல்லைத் திரித்துக் குருசு என்றே சொல்கிறார்கள். முச்சந்திகளில் இருக்கும் சிறு கோயில்களும் குருசடிகளே.

குன்றின் கடற்புறச் சரிவில், படிகளில் இறங்கினால் குகை. சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் இடம். உள்ளே நிமிர்ந்து நடக்க முடியாது. ஒரு சிறு பீடம், ஒரு சிறு கிணறு. அலை தெறிக்கும் தொலைவில் கடல் இருந்தும் கிணற்று நீரில் உப்பில்லை. சைவத் துறவி ஒருவர் வாழ்ந்த குகை இது என்றும், சவேரியாரின் செபத்தாலும் தவத்தாலும் புனிதமானது என்றும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. புனிதப்படுத்த இன்னொருவர் வரவேண்டியிருந்ததா என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை. ஆயினும் தமக்கு முன்பிருந்தவரை அழித்துவிடாமல் கல்லில் பொறித்து வைத்தவர்களை அதற்காகப் பாராட்டத்தான் வேண்டும்.

குகையின் வாயிலில் உட்கார்ந்து, நான் எடுத்து வந்திருந்த சவேரியாரின் மடல்களைப் படித்தேன். அற்புதங்களின் ஆளாகவே அவரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இம்மடல்கள் வியப்பாக இருக்கும். அவற்றில் தெரிபவர் மொழி தெரியாமல் திண்டாடும் ஒரு மனிதர். 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து ரோமிலிருந்த தம் தோழர்களுக்கு எழுதிய நெடும் மடலில், தாம் செய்த முதல் வேலையை அவரே விவரிக்கிறார். தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்த சிலரைக் கூட்டி, பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கி, அதைத் தாமும் மனப்பாடம் செய்திருக்கிறார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து சிறுவர்களையும் மற்றவர்களையும் கூட்டி, நாளுக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய்தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளிகள் அழைத்தபோது தாம் போக இயலாத இடங்களுக்கு அச்சிறுவர்களையே அனுப்பினார். இச்சிறுவர்கள் வீடுகளிலிருந்த தெய்வ உருவங்களை உடைத்ததையும் அதே மடலில் அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். இன்று படிக்கையில் நெஞ்சை உறுத்தும் வரிகள் அவை. அதையும் சொல்லாமல் இந்தப் பங்கின் தொடக்கத்தை எழுத முடியாது.

மொழியாக்கத்தில் தவறு நேராமல் இருக்குமா? தம்மோடு பணியாற்றிய பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய மடல் ஒன்றில் அவரே திருத்தம் அனுப்புகிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். அதற்கு விரும்புகிறேன் என்றுதான் பொருள், விசுவசிக்கிறேன் என்று பொருளாகாது, ஆகவே சொல்லை மாற்றுக என்கிறார். கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லுமிடத்தில் 'வன்பினாலே' என்று வருவதையும் நீக்கச் சொல்கிறார். அவர் தாமாக விரும்பிப் பாடுபட்டாரேயன்றி வன்முறைக்கு உட்பட்டு அல்ல என்பது காரணம். அதாவது ஏறத்தாழ ஈராண்டுக் காலம் இக்கரை மக்கள் அந்திதோறும் மணலில் கூடி நின்று, 'கடவுள் எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இறையியலில் அது பிழைதான். ஆனால் ஆபத்தில் கொச்சிவரை போய் உதவி கேட்ட ஒரு மக்களின் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதைக் கேட்டால், பிழை என்று தள்ள மனம் வரவில்லை. மொழிபெயர்த்த அந்த உள்ளூர்க்காரர் யாரோ, நடந்ததை நடந்தபடியே எழுதிவிட்டார்.

குன்றின்மேல் இப்போது நிற்கும் திருச்சிலுவைக் கோயிலின் தொடக்கம் 1581. சவேரியார் இறந்து அதற்குள் 29 ஆண்டுகள் ஆகிவிட்டன. கிறிஸ்து அறையுண்ட சிலுவையின் சிறு துண்டு என்று போற்றப்படும் அருளிக்கம் 1583-இல் ரோமிலிருந்து வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் வெளியூர்ப் பேருந்துகள் நிறைவது இந்த அருளிக்கத்துக்காகவே. கீழே ஊருக்குள் யாகப்பர் கோயிலும் தூய ஆவியார் கோயிலும் உயர்ந்த கோபுரங்களோடு நிற்கின்றன. அவற்றின் கட்டட அழகைப் பற்றிப் படம்பிடிப்பவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் நாள்

இன்று புன்னைக்காயல். மணப்பாட்டை அறிய ஏன் அங்கே போகவேண்டும் என்று விடுதிக்காரர் கேட்டார். சவேரியார் இக்கரையில் இருந்த காலம் மிகக் குறைவு; இடையிடையே கோவா, கொச்சி, திருவிதாங்கூர் என்று அலைந்து, 1545-இல் மலாக்காவுக்குப் போய்விட்டார். அவர் போன பின்னும் மணப்பாட்டுப் பங்கு குலையாமல் நின்றதற்கான காரணத்தைத் தேடினால், தாமிரபரணி கடலோடு கலக்கும் அந்த ஊருக்குத்தான் வழி போகிறது.

உப்பளங்களும் கழிமுகச் சேறும் சூழ்ந்த ஒடுங்கிய சாலை. ஊருக்குள் போனதும் கடல்வாடையோடு வலை காயும் நெடி. ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அடிகளார் அரை நூற்றாண்டுக் காலம் இக்கரையில் உழைத்து 1600-இல் இறந்தது இங்கேதான். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். தமிழர் நாவில் அவர் அண்டிரிக்கி அடிகளார். சவேரியார் மனப்பாடம் செய்த தமிழை, இவர் இலக்கணத்தோடு கற்றார். பெயரும் வினையும் திரியும் முறையை லத்தீன் போல வகைப்படுத்தி, பின்வருவோர்க்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துகீசியத்தில் எழுதினார். பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாத முதல் ஐரோப்பியக் குரு இக்கரைக்குக் கிடைத்தார் என்று சொல்லலாம்.

1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் என்பது பள்ளிப்பாடத்திலேயே இருக்கிறது. அது யாருடைய செலவில், யாருடைய வாய்க்காக அச்சானது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. பரதவர்கள் கொடுத்த பணத்தில், பரதவப் பிள்ளைகள் சொல்லவேண்டிய மந்திரங்களே அதில் அச்சாயின. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சொல்லவே ஒரு செபமும் இல்லாமல் விடப்பட்ட மக்கள், தங்கள் செபத்தைத் தாங்களே காசு கொடுத்து அச்சடித்துக்கொண்டார்கள். 1586-இல் புனிதர்களின் வரலாறுகளைத் தொகுத்த பெருநூல் ஒன்றையும் அண்டிரிக்கி அடிகளார் வெளியிட்டார். அது அச்சான இடமாகக் கருதப்படுவது இந்தப் புன்னைக்காயல். அச்சகம் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கரையோரம் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டேன். ஒருவர் ஊசியை நிறுத்தாமலேயே ஆற்றுப் பக்கமாகக் கையை வீசி, "அதெல்லாம் ஆறும் கடலும் தின்னு போச்சு" என்றார்.

இத்தனை நூல்கள் வந்தாலும், ஊருக்கு ஒரு குரு என்ற நிலை அன்று கனவிலும் இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்கள், முப்பது ஊர்கள். மணப்பாட்டில் நாள்தோறும் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டியது யார் என்றால், கணக்கப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை ஒவ்வொரு துறையிலும் சவேரியார் அமர்த்திவிட்டுப் போனார். செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, திருமணத்துக்குத் தடை உண்டா என்று விசாரிப்பது, ஊரில் பிறப்பு இறப்பைக் குறித்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இன்று உபதேசியார் என்று அழைக்கப்படுபவரின் முன்னோடி அவர்.

அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது தனிச்சுவையான செய்தி. முத்துக்குளித்துறை மக்கள் ஆண்டுதோறும் 4,000 பணம் (அக்காலத்து நாணயம்) போர்த்துகல் அரசிக்கு வரியாகக் கொடுத்துவந்தார்கள். அரசியின் காலணிச் செலவுக்கு என்று அதற்குப் பெயர். அந்தத் தொகையைக் கணக்கப்பிள்ளைகளுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் விட்டுத்தரும்படி சவேரியார் வேண்டிக்கொண்டார். வானகம் ஏற இப்பிள்ளைகளைவிட உறுதியான செருப்பு அரசிக்குக் கிடைக்காது என்னும் பொருள்பட அவர் எழுதிய வேண்டுகோள் பலித்தது. ஆக, மணப்பாட்டின் முதல் உபதேசியார்கள் அரசியின் செருப்புக் காசில் வாழ்ந்தவர்கள். ஆழத்தில் மூச்சடக்கி முத்தெடுத்தவன் கட்டிய வரி அவன் பிள்ளைக்கே திரும்பி வந்தது என்று பார்த்தால், அரசி கொடுத்ததாகச் சொல்வதற்கு அதிகமில்லை. அந்தக் கணக்கப்பிள்ளைகளில் ஒருவர் பெயர்கூட எந்தக் கோயில் சுவரிலும் நான் கண்டதில்லை.

மடல்களில் சவேரியாரின் கடுமையும் தெரிகிறது. சாராயம் குடிக்கும் பெண்களைக் காட்டிக்கொடுப்பவருக்கு ஒரு பணம் பரிசு என்றும், குடித்தவருக்குத் தண்டமும் மூன்று நாள் சிறையும் என்றும் மன்சிலாசுக்கு உத்தரவிடுகிறார். கரையின் போர்த்துகீசிய அதிகாரிகளின் பேராசையைச் சாடும் வரிகளும் அவற்றிலேயே இருக்கின்றன; சொல்லப்போனால் பரதவர்களைவிடத் போர்த்துகீசியத் தலைவர்களால்தான் அவர் அதிகம் நொந்திருக்கிறார்.

இருட்டியபின் மணப்பாடு திரும்பினேன். திருச்செந்தூரில் கடைசி வண்டிக்காக ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்ததில் பனங்கிழங்கு தீர்ந்துபோனது.

நான்காம் நாள்

காலையில் யாகப்பர் கோயில் பூசைக்குப் போனேன். தவக்காலம் தொடங்கிவிட்டதால் பீடத்தில் பூக்கள் இல்லை. பூசை முடிந்ததும், ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரைத் திண்ணையில் சந்தித்தேன். எண்பதைத் தாண்டியவர். பங்கின் வரலாற்றைக் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்வதற்கு முன், பங்கு என்றால் என்ன என்று என்னைத் திருப்பிக் கேட்டார். கோயில் நிர்வாகப் பிரிவு என்று நூல்முறையில் சொன்னேன். கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் வேறு என்றார் அவர். தோணி கரை ஏறியதும் மீனைக் கூறுபோட்டுத் தோணிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். அந்தக் காலத்தில் கோயிலுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. "பங்கு கொடுத்தவனுக்குத்தான் தம்பி பங்கு" என்று முடித்தார். அகராதியில் இரண்டு பொருளும் தனித்தனியாக இருக்கலாம். அவர் பேச்சில் ஒன்றுதான்.

1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது நடந்ததற்கும் இதுவே விளக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள், கோயில்கள் பண்டகசாலைகளாயின, பால்தேயுஸ் என்னும் சீர்திருத்தச் சபைப் போதகர் கரைநெடுக வந்து பரதவர்களைத் தம் சபைக்கு மாற்ற முயன்று தோற்றுப்போனார். போர்த்துகீசியரின் பாதுகாப்புக்காக மதம் மாறியவர்கள் என்றால், போர்த்துகீசியர் போனதும் புதிய ஆட்சியாளரின் மதத்துக்கு அல்லவா மாறியிருக்க வேண்டும்? மாறவில்லை. நூற்றிருபது ஆண்டுகளில் அந்தச் செபங்கள் கொச்சியிலிருந்து வந்தவை என்பதையே ஊர் மறந்துவிட்டிருந்தது.

ஆனால் இந்தப் பங்கின் பிறப்பு நாள் ஒன்றைக் குறிக்கச் சொன்னால், நான் 1536-ஐயும் குறிக்கமாட்டேன், 1542-ஐயும் குறிக்கமாட்டேன். 1544 ஜூன் மாதத்தைக் குறிப்பேன். அப்போது விஜயநகரப் படையின் வடுகக் குதிரைவீரர்கள் தெற்கே இறங்கிக் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களைச் சூறையாடினார்கள். அவ்வூர்ப் பரதவர்கள் உயிர் தப்பக் கடலுக்குள் ஓடி, குமரிமுனைப் பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். வெயிலிலும் தாகத்திலும் பலர் செத்துக்கொண்டிருந்தார்கள். செய்தி மணப்பாட்டுக்கு எட்டியதும், இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்பு வலித்தும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் பார்த்தார்கள். குமரியை எட்ட முடியாமல் மணப்பாட்டுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு அவர் கரைவழியாக நடந்தே போனார். உண்ண ஏதுமின்றி வந்தவர்களையும், நடக்க முடியாமல் பின்தங்கிய முதியவர்களையும், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்களையும், செத்துக் கிடந்தவர்களையும் கண்டதாக ஆகஸ்டில் மணப்பாட்டிலிருந்து எழுதிய மடலில் சொல்கிறார். அகதிகள் இவ்வூரை நோக்கி வந்தார்கள். அவர்களுக்குப் பட்டங்கட்டிமார் நிதி திரட்ட வேண்டும் என்றும், ஏழைகளிடமிருந்து அவர்களாக விரும்பிக் கொடுத்தாலன்றி எதுவும் வாங்கக்கூடாது என்றும் கட்டளையிடுகிறார். எட்டாண்டுகளுக்கு முன் உதவி கேட்கப் போனவர்கள் இப்போது உதவி கொடுக்கும் ஊராகிவிட்டார்கள்.

மதியம் குன்றின் அடிவாரத்தில், உப்பங்கழி ஓரம், ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவர் ஒருவர் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் இந்த இருபது தோணிக் கதையைச் சொல்லி, ஆனி மாதத்தில் இங்கிருந்து குமரிக்குத் துடுப்பு வலித்துப் போக முடியுமா என்று கேட்டேன். அவர் கழிவுத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு தென்மேற்கே பார்த்தார்.

"ஆனியிலயா? கச்சான் நேரா மூஞ்சியில அடிக்கும். நீவாடும் எதிர்ல வரும். இன்ஜின் வச்சுக்கிட்டே நாங்க யோசிப்போம்." கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வரும் காற்று, நீவாடு என்பது கடல் நீரோட்டம்.

அப்படியானால் சவேரியாருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, அவர் சொன்னதற்காகப் புறப்பட்டு வீணாக அலைந்திருக்கிறார்கள் என்றேன்.

"அவருக்குத் தெரியாது, சரி. வலிச்சவங்களுக்குத் தெரியாம இருக்குமா?" என்றார் அவர். "இருபது தோணின்னா நூறு பேருக்கு மேல வேணும். எட்டமாட்டோம்னு தெரிஞ்சேதான் அம்புட்டுப் பேரும் தள்ளியிருப்பாங்க."

மூன்றரை மணிக்குத் திருச்செந்தூர் வண்டி. இயந்திரத்தின் ஒரு திருகு மணலில் விழுந்துவிட்டது. அதைத் தேடிக் கொடுத்துவிட்டு நிறுத்தத்துக்கு நடந்தேன்.